திரைக்கு முன்னும் பின்னும்: ஆடற்கலையின் பெயர்களும் தொழிற்சொற்களும்



ஆடற்கலையும் தமிழ்ச் சொல்லும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் என்னைப் பணித்தனர். எனக்கு ஆடத் தெரியாது. மொழியியல் பயின்ற பார்வையாளனாகவே இம்மேடையில் நிற்கிறேன். ஆகவே ஆட்டத்தின் நுணுக்கங்களை விடுத்து, ஆட்டத்தைச் சுற்றி வழங்கும் சொற்களைப் பற்றியே பேசுவேன். ஒரு கலைக்குப் பெயர் வைப்பவர் யார், அதைச் செய்பவரா, பார்ப்பவரா என்பதே என் வினா. இவ்வினாவின் விடையைப் பொறுத்து, நம் வகுப்பறைகளில் சில சொற்கள் வாழ்வதும் மறைவதும் அமையும் என்று கருதுகிறேன்.

1. தெருவின் பெயர்

நாம் கூடியுள்ள சூலியா தெருவிலிருந்தே தொடங்குவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கி நகர் அமைத்தபோது, அந்நகரின் எல்லைகளாக அமைந்த தெருக்களுள் இதுவும் ஒன்று. அன்று இதன் பெயர் மலபார் தெரு. அக்கால ஐரோப்பியர் மலபார் என்னும் சொல்லால் தமிழரையும் தமிழ் மொழியையும் குறித்தனர் என்பதை நாம் அறிவோம். பின்னர் இது சூலியா தெரு ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரையும் உழைப்பாளரையும், சிறப்பாகத் தமிழ் முஸ்லிம்களை, ஆட்சியாளர் ஏடுகள் அப்பெயரால் குறித்தன. இன்று மலாயில் லெபோ சூலியா என்று வழங்குகிறது. அருகே 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது. இத்தெருவிலேயே நாகூர் தர்கா இருக்கிறது.

மலபார், சூலியா, கெலிங் என்னும் மூன்றும் இங்கு வந்திறங்கிய மக்களைப் பிறர் பார்த்து வழங்கிய பெயர்கள். அம்மக்களோ தம்மை மரைக்காயர் என்றும், ராவுத்தர் என்றும், லெப்பை என்றும், இன்ன ஊரார் என்றும் சொல்லிக்கொண்டனர். பிறர் இட்டு வழங்கும் பெயரைப் புறப்பெயர் என்றும், தாமே வழங்கிக்கொள்ளும் பெயரை அகப்பெயர் என்றும் இவ்வுரையில் குறிப்பேன். புறப்பெயர் எப்போதும் இழிவானது என்பதில்லை. ஆயினும் பெயர்ப்பலகையிலும் பதிவேட்டிலும் நிற்பது பெரும்பாலும் அதுவே. அகப்பெயர் வீட்டிலும் தொழிலிடத்திலும் வாழ்கிறது. அங்கே பேசுவார் இல்லையெனில் மறைந்துபோகிறது.

2. பினாங்கு மேடையும் தமிழ்த் திரையும்

கலைகளுக்கும் இந்நிலை பொருந்தும். 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கு வந்தன. இந்துஸ்தானி மொழியில் அமைந்த பாட்டும், வண்ணத் திரைகளும், பளபளக்கும் உடைகளும் இங்கிருந்தோரை ஈர்த்தன. மொழி முழுதும் விளங்காத மக்களும் கண்டு களித்தனர். கண்டதோடு நில்லாமல் தாமும் அவ்வாறே ஆடத் தொடங்கினர். வயாங் பார்சி என்று வந்த நாடகத்துக்கும், 'திருவான் வயாங் பார்சி', அதாவது பார்சி நாடகத்தைப் போலச் செய்தது என்று உள்ளூர் நாடகத்துக்கும் பெயர் வழங்கிற்று. 1885இல் புஷி இந்திரா பங்சாவான் என்னும் குழு பினாங்கில் அமைந்தது. நாளடைவில் பங்சாவான் என்பதே கலையின் பெயராயிற்று. உயர்குடியினர் என்பது அதன் பொருள். அரசர், இளவரசர் கதைகளை நடித்தமையால் அப்பெயர் நிலைத்தது. நடித்தவர்களோ உழைத்து உண்ட எளிய மக்கள்.

அதே பார்சி நாடகத்தின் தாக்கம் தமிழகத்திலும் பரவிற்று. நம் நாடகக் குழுக்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்னும் கலப்புச் சொற்களைத் தம் தொழிற்சொற்களாகக் கொண்டன. அறிஞர் அவற்றைக் கொச்சை என்று ஒதுக்கினர். ஆனால் நாடகத்துக்கு ஆள் அமர்த்துவோர்க்கும் நடிகர்க்கும் அச்சொற்களே ஊதியத்தையும் வரிசையையும் உரிமையையும் காட்டின.

மலாய் மேடைக்குத் திரும்புவோம். மேடைத் திரைக்கு மலாயில் 'திராய்' என்று பெயர். இது நம் திரை. நடிகர் ஒட்டிக்கொள்ளும் மீசை அங்கும் 'மிசாய்'. கதையில் வரும் அரண்மனை 'மாலிகை'; அது நம் மாளிகை. நாடகம் நடத்தத் தேவையான முதல் 'மோடால்' என்று வழங்கும். இச்சொற்கள் பங்சாவான் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கப்பலேறி வந்தவை. கப்பலும் மலாயில் 'காப்பால்' தானே! இவற்றை எந்த மன்றமும் தீர்மானம் போட்டு வழங்கவில்லை. பொருளோடும் தொழிலோடும் கைமாறிய சொற்கள் இவை. கையில் பிடித்துச் செய்யும் வேலைக்குரிய சொல், மேடைக்குச் சூட்டிய பெயரைவிட உறுதியாக நிற்கிறது என்பதற்கு இது முதற் சான்று.

திரை என்ற சொல் வந்துவிட்டமையால் ஒரு செய்தியை இணைத்துக் கூறுவேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்கின் அளவை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று வரையறுக்கிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளையும் பெயர் சுட்டிச் சொல்கிறது. ஒருபுறமிருந்து வருவது ஒன்று, இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது ஒன்று, மறைந்திருந்து வருவது ஒன்று. இவ்வளவு நுட்பமாகத் தொழிலை அறிந்து சொல் வழங்கிய மொழி நம்முடையது. எழினி இன்று வழக்கில் இல்லை, திரை இருக்கிறது. தொழிற்சொல்லும் மறையக்கூடியதே.

3. ஒரு பாலே ரசிகையின் ஒருநாட் பயணம்

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி இத்தெருவில் வளர்ந்தவள். சிறு வயதிலேயே பாலே ஆட்டத்தில் அவளுக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் தலைநகரின் அரங்கு ஒன்றில் அயல்நாட்டுக் குழுவினர் ஆடுகின்றனர் என்று கேள்விப்பட்டு, ஒரே நாளில் சென்று திரும்பினாள். விடியற்காலையில் ஃபெரியில் ஏறிப் பட்டர்வொர்த் சென்று, அங்கிருந்து 4 மணி நேரத்துக்கு மேல் இரயிலில் பயணம் செய்து கோலாலம்பூர் அடைந்து, பிற்பகல் ஆட்டத்தைக் கண்டு, நள்ளிரவுக்குப் பின் பாலம் வழியாக வீடு சேர்ந்தாள். கண்டது 'ஸ்வான் லேக்'. 1877இல் மாஸ்கோவில் முதன்முதலாக ஆடப்பட்டு, 1895இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் மாரியஸ் பெத்திபா, லெவ் இவானோவ் என்னும் இருவரால் புதிதாக அமைக்கப்பட்ட ஆட்டம் அது.

அப்பயணத்தைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுத முயன்றவள், மறுவாரம் என்னிடம் வந்தாள். "ஐயா, மூன்று இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. பாலே என்று எழுதலாமா? ஸ்வான் என்பதை அன்னம் என்று எழுதலாமா? அவர்கள் காலால் செய்ததையெல்லாம் எந்தச் சொல்லால் எழுதுவது?" என்று கேட்டாள். இவ்வளவு கூர்மையான வினாக்களை ஆய்வரங்குகளிலும் நான் கேட்டது அரிது.

முதல் வினாவுக்கு விடை எளிது. பாலே என்று தயங்காமல் எழுதலாம். இத்தாலிய மொழியில் சிறு நடனம் எனப் பொருள்படும் 'பல்லெத்தோ' பிரெஞ்சில் 'பாலே' ஆயிற்று. எழுத்தில் இறுதியில் நிற்கும் ட ஒலி பேச்சில் இல்லை. தமிழர் காதால் கேட்டுக் கடன் வாங்கினர்; எனவே பாலே என்றோம். மலாய் மொழியில் அச்சொல் 'பாலெட்' என ஈற்று மெய்யோடு வழங்குகிறது. அது எழுத்தைக் கண்ணால் பார்த்து வாங்கிய கடன். ஒரே பள்ளியில் ஒரே மாணவி இரு பாடவேளைகளில் ஒரே ஆட்டத்தை இரு வடிவில் எழுதுகிறாள். இரண்டும் தவறில்லை; காதின் கடன், கண்ணின் கடன் என்று விளக்கினால் அவளுக்கு மொழியியலின் முதற் பாடம் அதுவே ஆகும். பாலே என்பதைப் 'பால்' என்பதன்மேல் ஏகாரம் சேர்ந்ததாகப் படித்து நகைப்போர் இருப்பர். சூழல் அம்மயக்கத்தைத் தீர்த்துவிடும்.

இரண்டாம் வினா கடினமானது. நம் இலக்கிய மரபில் அன்னம் என்றால் நடை. பெண்ணின் மென்னடைக்கு உவமை. பாலும் நீரும் கலந்திருப்பின் பாலை மட்டும் பிரித்துண்ணும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஐரோப்பிய ஸ்வான், நீரில் மிதக்கும் பறவை. அந்த ஆட்டத்தில் சாபத்தால் பறவையான பெண்ணின் துயரம். நம் அன்னம் காலில் இருக்கிறது. அவர்கள் அன்னம் தோளிலும் கையிலும் இருக்கிறது. எனவே அன்னம் என்று மொழிபெயர்ப்பதில் பிழையில்லை. ஆனால் அன்னநடை என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனத்தில் வேறோர் ஆட்டம் தோன்றிவிடும்.

மூன்றாம் வினாவுக்கு விடை காண, வேறொரு பாலே ரசிகையின் பயணத்தை நாம் அறிய வேண்டும். அதற்குக் கடல் கடந்து சென்னைக்குச் செல்ல வேண்டும். நம் முன்னோர் ரஜூலா கப்பலில் வந்த வழியே இப்போது திரும்பிச் செல்கிறோம் எனக் கொள்க.

4. அடையாற்றிலிருந்து ஒரு பயணம்

1904இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, பிரம்மஞான சபையைச் சார்ந்து சென்னை அடையாற்றில் வாழ்ந்தவர். ருஷ்ய பாலே ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் உள்ளம் பறிகொடுத்தவர். 1920களின் இறுதியில் ஆஸ்திரேலியப் பயணத்தில் பாவ்லோவாவும் அவரும் ஒரே கப்பலில் சென்றனர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றார். உம்முடைய நாட்டின் ஆடலைத் தேடிக் காண்க என்னும் கருத்தில் பாவ்லோவா அவருக்கு அறிவுரை கூறினார்.

பின்னர் 1933இல் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டில் சதிர் ஆட்டம் ஒன்றை அவர் கண்டார். அடையாற்றிலிருந்து நகருக்குள் அவர் மேற்கொண்ட அந்தப் பயணம் தொலைவால் மிகச் சிறியது. ஆயினும் பாலேயைக் காதலித்த கண், தன் ஊரிலேயே நூற்றாண்டுகளாக ஆடப்பட்டு வந்த ஆடலை முதன்முதலாகக் கண்டது. அதன்பின் அவர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935இல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் கண்டார். 1944இல் அங்கே குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாக அரங்கேறிற்று.

அவர் கண்ட ஆட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். ஆடியவரும் ஆட்டுவித்தவரும் அதைச் சதிர் என்றனர். நாகசுரம் முதலியன பெரிய மேளம் எனப்பட்டதால் இதற்குச் சின்ன மேளம் என்ற பெயரும் இருந்தது. 1932இல் அந்த ஆட்டம் இருக்கலாமா, கூடாதா என்று நாளிதழ்களில் ஈ.கிருஷ்ணையரும் முத்துலட்சுமி ரெட்டியும் வாதிட்டனர். அச்சூழலில் மியூசிக் அகாடமி பரதநாட்டியம் என்னும் பெயரை முன்மொழிந்தது. சதிர் என்னும் சொல்லில் ஒட்டியிருந்த பழியிலிருந்து ஆடலைப் பிரிக்க அப்பெயர் உதவியது. ஆடல் பிழைத்தது. ஆனால் அதை வழிவழியாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் மெல்ல மேடையை விட்டு விலகினர். 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் கொடுமை நீங்கியது நன்று. எனினும் அப்பெண்களின் கலைக்கு மாற்று மேடை தருவார் சிலரே. தஞ்சை பாலசரஸ்வதி போன்றோர் அம்மரபை உலக அரங்குகளில் நிலைநாட்டியது அவர்தம் தனி ஆற்றல்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், பெயரோடும் ஊரோடும் குறிக்கப்பட்டுள்ளனர். ஆடுவோரின் பெயரைக் கல்லில் வெட்டிய சமூகம், பின்னொரு காலத்தில் ஆடுவோரை நீக்கி ஆடலுக்கு மட்டும் புதுப்பெயர் சூட்டியது. இம்மாற்றத்தில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே ஆசிரியர்க்கு அழகு.

5. அரைமண்டியும் தெமி பிலியேயும்

தலைப்பு மாறியது, தொழிற்சொல் என்ன ஆயிற்று? இங்கேதான் மாணவியின் மூன்றாம் வினாவுக்கு விடை இருக்கிறது.

1661இல் பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி ஆடலுக்கென அரச கழகம் ஒன்றை நிறுவினார். அது முதல் பாலேயின் தொழிற்சொற்கள் பிரெஞ்சு மொழியில் வேரூன்றின. பாலே ருஷ்யாவுக்குச் சென்றது. சொற்கள் பிரெஞ்சாகவே இருந்தன. ஜப்பானுக்கும் கியூபாவுக்கும் சென்றது, அங்கும் அவ்வாறே. 'பிலியே' என்றால் மடித்தது, 'தாந்து' என்றால் நீட்டியது, 'ஜெத்தே' என்றால் எறிந்தது. இவை அனைத்தும் எளிய அன்றாட வினைச்சொற்களின் வடிவங்கள். ஆடலாசிரியர் மாணவரின் காலுக்கு இட்ட ஏவல்கள் எனலாம்.

இப்போது நம் சொற்களைப் பாருங்கள். தட்டடவு: உள்ளங்காலால் தரையைத் தட்டுதல். நாட்டடவு: காலை நீட்டிக் குதிகாலை ஊன்றி நாட்டுதல். குதித்துமெட்டு: முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலை இறக்குதல். அடவு, மண்டி, முத்தாய்ப்பு, சொற்கட்டு, நட்டுவனார், அரங்கேற்றம் எனத் தமிழ் வழங்கும் இடங்கள் பல. தெலுங்கும் வடமொழியும் இந்துஸ்தானியும் தந்த அலாரிப்பு, சப்தம், தில்லானா ஆகியனவும் அருகருகே நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை நால்வர் நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்தியபோதும், அகாடமி தலைப்பை மாற்றியபோதும், கலாக்ஷேத்திரம் உடையையும் மேடையையும் மாற்றியபோதும், தட்டு என்ற சொல் தட்டாகவே இருந்தது. நட்டுவனார் கையில் தட்டுக்கழி இருக்கும்வரை அச்சொல்லுக்கு மாற்று தேவைப்படவில்லை. மறைக்கப்பட்ட சதிரின் முகவரி அடவுப் பெயர்களில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது.

இரு மொழிகளின் சொற்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் வியப்பு மிகும். பாலேயில் 'தெமி பிலியே' என்பது அரைமடிப்பு. நம்மிடம் அரைமண்டி. இரண்டிலும் முழங்கால் இருபுறமும் விரிந்து மடிகிறது. இரண்டிலும் 'அரை' என்ற அடை நிற்கிறது. ஆயினும் பயன் வேறு. பாலே ஆடுபவர் துள்ளி எழுவதற்கும், எழுந்தபின் மெல்லத் தரை சேர்வதற்கும் மடிகிறார். அது ஒரு வாயில். நம் ஆடலில் அரைமண்டி தங்குமிடம். அங்கே நின்றே அடவுகள் பலவும் நிகழ்கின்றன. மடிப்பு என்று மொழிபெயர்த்தால் இவ்வேறுபாடு அழியும். ஆகவே பிலியேயைப் பிலியே என்றும், அரைமண்டியை அரைமண்டி என்றும் எழுதுக. அருகே ஒரு வரியில் விளக்குக. மாணவிக்கு நான் சொன்ன விடை இதுவே. அவள் அவ்வாறே எழுதினாள்.

ஒரு கலையின் புறப்பெயரைக் காலம் மாற்றலாம். ஜாவாவின் பிரம்பானான் கோயில் முற்றத்தில் 1961 முதல் ஆடப்படும் இராமாயண ஆட்டத்துக்கு இந்தோனேசியர் 'செந்திராதாரி' என்று புதுச்சொல் புனைந்தனர். கலை, நாடகம், ஆடல் என்னும் முச்சொல்லின் சுருக்கம் அது. சுற்றுலா வருவோரோ அதை இராமாயண பாலே என்கின்றனர். அவ்வாறு அழைப்பதால் ஆடலுக்குக் கேடில்லை. ஆடுவோர் தம் அசைவுகளைத் தம் சொல்லாலேயே எண்ணும் வரையில் அது அவர்களுடைய ஆடல்தான்.

6. வகுப்பறைக்குச் சில சொற்கள்

இனி ஆசிரியர்களிடம் நேராகப் பேசுவேன். இந்நாட்டில் நடனம் பயிலும் தமிழ்ச் சிறுமியர் பலரை நான் அறிவேன். முதல் அடவு, இரண்டாம் அடவு என்பதற்கு மாறாக 'ஸ்டெப் ஒன்', 'ஸ்டெப் டூ' என்று எண்ணும் வழக்கம் பரவி வருகிறது. எண்ணால் எண்ணுவது கற்பிக்க எளிதாக இருக்கலாம். ஆனால் தட்டு என்ற ஏவலில், கால் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம் அடங்கியிருக்கிறது. 'ஒன்' என்பதில் அது இல்லை. பாலே பயிலும் சீனச் சிறுமி பிரெஞ்சு அறியாமலே பிலியே என்கிறாள். தமிழ் அறிந்த சிறுமிக்குத் தட்டடவு என்று சொல்லத் தடை என்ன?

மூன்று செயல்களைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது, நடனம் பயிலும் மாணவியரை அழைத்து, அடவுகளின் பெயரைச் சொல்லி ஆடிக்காட்டச் செய்யுங்கள். வினைப்பகுதி, தொழிற்பெயர், ஏவல் ஆகிய இலக்கணப் பாடங்களை அவர்தம் காலடியில் கற்பிக்கலாம். இரண்டாவது, அயல்நாட்டுக் கலையைப் பற்றி எழுதும் மாணவர் அதன் தொழிற்சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். விளக்கம் இல்லையெனில் மட்டும் குறையுங்கள். பிறர் அகப்பெயரை நாம் மதித்தால்தான் நம் அகப்பெயரை மதிக்குமாறு கேட்க இயலும். மூன்றாவது, இத்தெருவையும் இதைச் சூழ்ந்த தெருக்களையும் பற்றி முதியோரிடம் கேட்டு, கடை, கிட்டங்கி, உணவு, விழா, மேடை ஆகியவற்றுக்கு அவர்கள் வழங்கிய சொற்களை மாணவரைக் கொண்டு தொகுக்கச் செய்யுங்கள். 2008இல் இந்நகரின் கட்டடங்களுக்கு யுனெஸ்கோவின் உலக மரபுச் சிறப்புக் கிடைத்தது. சுவரைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. சுவருக்குள் வழங்கிய சொல்லுக்கு அத்தகைய காவல் இல்லை. அக்காவல் உங்கள் மாணவரின் குறிப்பேடுகளே.

மாணவச் செல்வங்களே, வாய்ப்புக் கிட்டும்போது ஆடல் காணச் செல்லுங்கள். பாலேயும் பாருங்கள், பங்சாவானும் பாருங்கள், பரதமும் பாருங்கள். ஆட்டம் முடிந்து திரை விழுந்தபின், ஆடியவர்களிடம் ஒரு வினாக் கேளுங்கள்: "இந்த அசைவை நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள்?" அவர் கூறும் சொல்லை அன்றிரவே எழுதி வையுங்கள்.